வெளிர் ஊதாச் சுவர்: ஓவியம் பற்றி நான் படித்த சில புத்தகங்கள்

எங்கள் அச்சகத்தில் போன ஆடி மாதம் ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தான். படங்களுக்கு நிறம் திருத்தும் பிரிவு. நான் 22 ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால், அப்புறம் மாதக்கணக்கில் சிவகாசியில் மிஷின் நிற்காது. அந்த நெருக்கடியிலும் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டான்: "அண்ணே, ஓவியம் பத்தி உருப்படியா படிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?"

நாலைந்து பெயர்களைச் சொன்னேன். செல்பேசியில் குறித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு அது பதிலே இல்லை என்று பட்டது. பெயர்கள் எங்கேயும் கிடைக்கும். ஒரு புத்தகத்தை எப்படிப் படித்தேன், எந்த இடத்தில் அது என்னைப் பிடித்து நிறுத்தியது, எதில் அதோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்று சொன்னால்தான் அவனுக்குப் பயன்படும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஆச்சி வீட்டுச் சாமி அறையில் ஒரு கஜலட்சுமி படம் இருந்தது. கண்ணாடி போட்டு, சட்டமிட்டு, கற்பூரப் புகை படிந்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறி ஏறி முகமே தடித்துப்போயிருந்தது. அது காலண்டரில் இருந்து வெட்டிய படம் என்று எனக்குத் தெரியாது. கொண்டையராஜு என்ற பெயரும் அப்போது தெரியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், கோவில்பட்டியில் தங்கி இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சாமி முகம் கொடுத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எங்கள் பிரிவில் மூத்தவராக இருந்த அண்ணாச்சி, புள்ளி பார்க்கும் லென்ஸை என் கையில் கொடுத்து அதேபோல ஒரு லட்சுமி படத்தைப் பார்க்கச் சொன்னார். லென்ஸுக்குள் லட்சுமி இல்லை. சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலே நாலு நிறத்தில் புள்ளிகள், பூப்பூவாகச் சுற்றி நின்றன. லென்ஸை எடுத்தால் முகம், வைத்தால் புள்ளி. அன்று சாயந்திரம் வரை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் ஓவியத்துக்கு வந்த வழி அச்சு. கலைப் புத்தகங்களைப் படிக்கும்போதும் அந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். புத்தகத்தில் நாம் பார்க்கும் எந்த ஓவியமும் ஓவியம் இல்லை. யாரோ ஒரு தொழிலாளி நிறம் திருத்தி, பிளேட் போட்டு, மிஷினில் ஏற்றிய தாள். நிறம் கொஞ்சம் பொய், அளவு முழுப் பொய். இதை மறக்கவிடாத புத்தகங்கள்தான் எனக்கு உதவியிருக்கின்றன.

முதலில் சொன்னது கோம்ப்ரிச்சின் 'தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட்'. 1950இல் வந்தது. வியன்னாவில் பிறந்து 1936இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர் எழுதியது. மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதி கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. கலை என்று ஒன்று உண்மையில் கிடையாது, கலைஞர்கள்தான் உண்டு என்ற பொருளில்தான் புத்தகத்தைத் தொடங்குகிறார். குகை ஓவியத்தில் ஆரம்பித்து இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் போகிறார். ஆனால் அது பெயர்ப் பட்டியலாக ஆகவில்லை. ஒவ்வொரு ஓவியனுக்கும் முன்னால் என்ன சிக்கல் இருந்தது, அவன் அதை எப்படித் தீர்த்தான், தீர்த்ததால் அடுத்தவனுக்கு என்ன புதுச் சிக்கல் வந்தது என்று கதை நகர்கிறது. இதைவிட எளிமையாக வரலாறு சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

முன்னுரையில் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது. படமாகக் காட்ட முடியாத எந்தப் படைப்பைப் பற்றியும் பேசுவதில்லை. பேசும் படமும் கூடுமானவரை அதே விரிப்பில், பக்கம் புரட்டாமல் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். பக்கம் கட்டும் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். எழுத்தை நாலு வரி வெட்டினால் படம் ஒரு பக்கம் தள்ளிப்போகும். வாசகன் கண்ணை நம்பி எழுதியவர், அதற்காக அச்சுக்காரர்களோடு மல்லுக்கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அதில் ஓர் எகிப்தியத் தோட்டப் படம் வருகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. குளம் மேலிருந்து பார்த்தபடி கட்டமாக இருக்கிறது. குளத்து மீனும் பறவையும் பக்கவாட்டில் இருக்கின்றன. சுற்றியுள்ள மரங்களும் பக்கவாட்டில். வரையத் தெரியாததால் இப்படி வரையவில்லை என்கிறார் கோம்ப்ரிச். குளம் குளமாகத் தெரிய மேலிருந்து பார்க்க வேண்டும். மீன் மீனாகத் தெரியப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கண்ணுக்கு அந்த நேரம் தெரிவதைவிட, மனசுக்குத் தெரிந்ததை ஒன்று விடாமல் சொல்வதுதான் அவர்களுக்கு முக்கியம். இதைப் படித்த அடுத்த மாதம் புதுக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் சித்தன்னவாசலுக்கும் போனேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பார்த்த இடம்தான். அன்றைக்கு அது மங்கிப்போன கறை. இந்தத் தடவை அண்ணாந்து பார்த்தால் குளம்! கூரை முழுக்கத் தாமரை இலை, மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். குளத்துக்குக் கரை கிடையாது, அடிவானம் கிடையாது. யானையைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம், மீனையும் அப்படியே. குளத்தையோ அதற்குள் கிடந்தபடி பார்க்கிறோம். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். எகிப்துப் படத்தைப் பற்றிப் படித்திராவிட்டால் எனக்கு நம்மூர்க் குளம் தெரிந்திருக்காது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கோம்ப்ரிச்சின் கதை பெரும்பாலும் ஐரோப்பாவின் கதை. இந்தியாவுக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். முதல் பதிப்பில் ஒரு பெண் ஓவியர்கூட இல்லை. 1995இல் வந்த 16ஆம் பதிப்பிலும் கேத்தே கோல்விட்ஸ் ஒருவர்தான். இந்த ஓட்டையை நேரடியாகச் சுட்டி, கேட்டி ஹெசல் 2022இல் ஒரு புத்தகம் எழுதினார். 'ஆண்கள் இல்லாத கலையின் கதை' என்று பொருள் வரும்படி பெயரும் வைத்தார். தம்பியிடம் இரண்டையும் சேர்த்தே படி என்று சொல்லியிருக்கிறேன். கோல்விட்ஸ் மரத்தில் செதுக்கியும் கல்லில் வரைந்தும் அச்சிட்ட படங்களை எடுத்துப் பார்க்கவும் சொன்னேன். மகனைப் போரில் பறிகொடுத்தவர் அவர். அந்தத் தாய்மார்களின் கைகளைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

அளவு முழுப் பொய் என்றேனே, அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். கோம்ப்ரிச் புத்தகத்தில் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண்ணும், வெலாஸ்கெஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' அரண்மனைப் படமும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் சென்டிமீட்டர் கணக்கு இருக்கும். யாரும் படிப்பதில்லை. பால் ஊற்றும் பெண் 45.5க்கு 41. ஒரு தினசரிக் காலண்டர் அட்டை மாதிரிதான். அரண்மனைப் படம் 318க்கு 276. சாக்பீஸும் இஞ்ச் டேப்பும் எடுத்து, சுவரில் அந்த அளவுக்குக் கட்டம் போட்டுவிட்டு, அதன் முன்னால் நின்றபடி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சின்னக் கட்டத்துக்கு நாம் குனிந்து கிட்டே போவோம். பெரிய கட்டத்துக்கு நம் கால் தானாகவே பின்னால் போகும். ஓவியன் உங்களை எங்கே நிற்கவைக்க நினைத்தான் என்பது அப்போது உடம்புக்குத் தெரியும். வீட்டில் திட்டு விழும், துடைத்துவிடலாம்.

ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் பெர்ஜரின் 'வேஸ் ஆஃப் சீயிங்' 1972இல் பிபிசியில் நாலு பகுதிகளாக வந்த நிகழ்ச்சியில் இருந்து பிறந்த புத்தகம். மெல்லியது. ஏழு கட்டுரைகள், அதில் மூன்றில் எழுத்தே கிடையாது, படங்கள் மட்டும்தான். ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். அசல் ஓவியம் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். கேமரா வந்த பிறகு படம் எல்லா வீட்டுக்கும் போகிறது. போகும் இடத்துக்கு ஏற்ப அதன் பொருள் மாறுகிறது என்கிறார். வான்கா வரைந்த, காகங்கள் பறக்கும் கோதுமை வயலை ஒரு பக்கத்தில் காட்டுகிறார். பக்கத்தைப் புரட்டினால் அதே படம், இந்தமுறை கீழே ஒரு வரி: தற்கொலைக்கு முன் வான்கா வரைந்த கடைசிப் படம் இது. அவ்வளவுதான், வயல் வேறு வயலாகிவிடுகிறது. அது அவருடைய கடைசிப் படம் இல்லை என்று இன்றைக்கு ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது பெர்ஜர் சொல்ல வந்ததை இன்னும் பலமாக்கத்தான் செய்கிறது. தவறான வரியாக இருந்தாலும் கண் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டது.

ஆனால் ஓர் இடத்தில் நான் பெர்ஜரோடு ஒத்துப்போகவில்லை. நகல் பெருகப் பெருக, அசலின் மதிப்பு அது ஒன்றே ஒன்று என்பதில் போய் நிற்கிறது, அதற்கு ஒரு போலிப் பக்தி உண்டாகிறது என்கிறார். லண்டனில் இருக்கும் லியொனார்டோவின் கரித்துண்டுப் படம் ஒன்று, யாரோ ஓர் அமெரிக்கர் 25 லட்சம் பவுண்டுக்கு வாங்க நினைத்த பிறகுதான் பிரபலமானது என்று உதாரணமும் தருகிறார். ஐரோப்பாவுக்குச் சரி. எங்கள் ஆச்சி வீட்டுக்கு அது பொருந்தாது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல் அச்சகம் தொடங்கியதில் இருந்து, இந்த நாட்டில் நகல்தான் சாமி அறைக்குள் போனது. கஜலட்சுமியின் அசல் எங்கே என்று ஆச்சி ஒருநாளும் கேட்டதில்லை. லட்சக்கணக்கில் அடித்த தாளில் ஒன்றுதான். ஆனால் முப்பது வருடச் சந்தனமும் புகையும் ஏறிய பிறகு அதுபோல இன்னொன்று உலகத்தில் இல்லை. நகல் அசலாக மாறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். பெர்ஜரைப் படித்ததால்தான் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தமிழில் என்ன இருக்கிறது என்று தம்பி அடுத்துக் கேட்டான். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்'. 1956இல் வந்தது. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தவர் அவர். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நடை எளிமை. மகேந்திரவர்மனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் அவன் கல்லில் எழுதிவைத்தான் என்பதெல்லாம் எனக்கு முதன்முதலில் இந்த மனிதரின் எழுத்து வழியாகத்தான் தெரியும்.

அந்தப் பழக்கத்தில் சங்கப் பாட்டுக்குள்ளும் போனேன். பரிபாடலின் 19ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் வருகிறது. மலைக்கு வந்த கூட்டம் சுவர்ப் படங்களைப் பார்த்து இது யார், அது யார் என்று கேட்கிறது. தெரிந்தவர்கள் கைகாட்டிச் சொல்கிறார்கள்: இது ரதி, இது காமன், பூனையாகி நிற்கிறவன் இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன். கலை விமர்சனத்தின் முதல் காட்சி என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். படத்துக்கு முன்னால் இரண்டு பேர் நின்று, ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்கிறார். மணிமேகலை 'ஓவியச் செந்நூல்' என்று ஒரு நூலைக் குறிப்பிடுகிறது. அது நம் கைக்கு வந்து சேரவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையை அதில்தான் தொடங்கியிருப்பேன்.

சிற்பத்துக்கு இரண்டு பேர். ஒருவர் சி. சிவராமமூர்த்தி. சென்னை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, பின்னால் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானவர். 1974இல் வந்த அவருடைய நடராஜர் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, பெரிய கனமான புத்தகம். நூலகத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. இன்னொருவர் வை. கணபதி ஸ்தபதி, குமரிக் கடலில் வள்ளுவரை 133 அடிக்கு நிறுத்தியவர். அவருடைய 'சிற்பச் செந்நூல்' தாலம், அங்குலம் என்று அளவுக் கணக்கைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம், அது 12 அங்குலம், உடம்பு முழுக்க அதன் மடங்கு. சுவாமிமலையில் தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவெடுப்பதை நேரில் பார்த்தபோது, இந்தப் புத்தகத்தின் அட்டவணைகள் அந்த ஓலை மடிப்பில் இருப்பது தெரிந்தது.

செப்புத் திருமேனிகளைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. நாலு நிற அச்சில் செம்பின் பளபளப்பு வரவே வராது. மஞ்சளும் மெஜந்தாவும் கருப்பும் சேர்ந்து ஒரு பழுப்பைத்தான் தரும். போதாக்குறைக்குப் படமெடுப்பவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுப்பார்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனர் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். அவர் சாய்ந்து நிற்க வேண்டிய காளை இன்று இல்லை. கை மட்டும் காற்றில் சாய்ந்திருக்கிறது. அந்தக் கையின் பாரத்திலேயே காளை அங்கே இருப்பதுபோலத் தோன்றும். சுற்றி வந்து பாருங்கள், தலைப்பாகை மாதிரி சடையைச் சுற்றிக் கட்டியிருக்கும் அழகை எந்தப் பக்கத்தில் இருந்தும் விட மனசு வராது.

ஆனந்த குமாரசாமியை இங்கே சொல்லாமல் போக முடியாது. கொழும்பில் 1877இல் பிறந்தவர், தந்தை முத்து குமாரசாமி ஈழத் தமிழர், தாய் ஆங்கிலேயர். முதலில் கல்லையும் கனிமத்தையும் ஆராய வந்தவர். இலங்கை மலைக் கிராமங்களில் கல் தேடி அலைந்தபோது, நெசவாளர்களையும் கொல்லர்களையும் ஓவியர்களையும் கண்டு, அவர்கள் வேலையை எழுதிவைக்கத் தொடங்கினார். அதுதான் 1908இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல். கைத்தொழில் அழிவதைப் பற்றி எழுதும் புத்தகம் மிஷினில் அடிக்கப்படக் கூடாது என்று, கைத்தொழிலுக்காக வாதாடிய ஆங்கிலேயர் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்திலேயே ஓராண்டுக்கு மேல் செலவழித்து 425 பிரதிகள் அச்சிட்டார். சொன்ன சொல்லுக்கும் அச்சிட்ட தாளுக்கும் இடைவெளி இல்லாத புத்தகம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதை நான் கையில் தொட்டதில்லை, மறுபதிப்பில்தான் படித்தேன். 1918இல் வந்த 'தி டான்ஸ் ஆஃப் சிவா' கட்டுரைகள் எளிதில் கிடைக்கும். நடராஜரை உலகம் பார்க்கும் விதத்தை அந்த ஒரு கட்டுரை மாற்றியது. அவருடைய மற்ற எழுத்துகள் கடினம். பாதியில் விட்டவை எனக்கும் உண்டு.

கைவேலைக்கு வருவோம். சென்னினோ சென்னினி என்ற இத்தாலிக்காரர் 1400ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய கைவினை நூலைப் படிக்கும்போது எங்கள் மை கலக்கும் அறையின் வாசம் வந்தது. இளைஞர் முகத்துக்கு நகரத்துக் கோழி முட்டையின் மஞ்சள் கரு, அது வெளிறி இருக்கும். வயதானவர், கறுத்தவர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி முட்டை. ஆப்கான் மலையில் இருந்து வரும் நீலக்கல்லை அரைத்து, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, மூன்று நாளாவது வைத்திருந்து, காரநீரில் அமுக்கி எடுக்க வேண்டும். முதலில் இறங்கும் நீலம்தான் உயர்ந்தது. பலகையில் வரைந்து பழக ஒரு வருடம், நிறம் அரைத்தும் பசை காய்ச்சியும் பட்டறை வேலை கற்க ஆறு வருடம், வண்ணம் தீட்டப் பழக இன்னும் ஆறு வருடம். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தினமும் ஏதாவது வரைந்துவிடு என்றும் சொல்கிறார். டேனியல் தாம்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு மலிவு விலையில் கிடைக்கிறது.

வரையப் பழக இரண்டு புத்தகங்கள் போதும். கிமோன் நிக்கோலைடிஸ் எழுதி, அவர் இறந்த பிறகு 1941இல் வெளிவந்தது ஒன்று. தாளைப் பார்க்காமல், பொருளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போவதாக நினைத்துப் பென்சிலை நகர்த்தச் சொல்கிறார். எறும்பு ஊர்வது மாதிரி மெதுவாக. வருவது கோணலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கோணலில் நீங்கள் பார்த்தது இருக்கும். இன்னொன்று பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதியது. இடது மூளை, வலது மூளை என்று அவர் பிரித்ததை இன்றைய மூளை அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. அதை விட்டுவிடுங்கள், பயிற்சிகளைச் செய்யுங்கள். பிக்காசோ வரைந்த, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் கோட்டோவியத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்து வரையச் சொல்லும் பயிற்சி பிரமாதமானது. மூக்கு, கண் என்ற பெயர்கள் காணாமல் போய், கோடும் இடைவெளியும் மட்டும் தெரியும். ஃபிலிம் இருந்த காலத்தில் எங்கள் அண்ணாச்சி சாமி முகங்களைத் திருத்தும்போது ஃபிலிமைத் தலைகீழாகத்தான் வைப்பார். "முகம் தெரிஞ்சா கை கும்பிடப் போயிரும், வேலை ஓடாதுலே" என்பார். எட்வர்ட்ஸைப் படித்தபோது எனக்கு அவர் குரல்தான் கேட்டது.

மனத்தடையை நீக்கும் புத்தகங்கள் என்று தனி வகையே இருக்கிறது. ஜூலியா கேமரன் 1992இல் எழுதியது பேர்போனது. காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் மனசில் வருவதைக் கையால் எழுதச் சொல்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நான் அந்த நேரத்துக்கு ஒரு கையை வரைந்துவிடுவேன். வான்கா தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்கள் கையில் இருக்கும்போது எனக்கு வேறு எந்த ஊக்கமும் தேவைப்பட்டதில்லை.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் அந்தக் கடிதங்களைத்தான் கொடுப்பேன். வான்கா எழுதியவற்றில் 800க்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலானவை தியோவுக்கு. வான்கா 1890 ஜூலையில் இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற தியோவின் மனைவி யோகன்னாதான் அத்தனையையும் காப்பாற்றி, அடுக்கி, 1914இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாம் வான்கா அருங்காட்சியகம் 2009இல் எல்லாக் கடிதங்களையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டது. நான் அங்கேதான் படிக்கிறேன், ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத நேரங்களில்.

பைத்தியக்கார மேதை என்று சினிமாக்கள் காட்டும் ஆளை அங்கே பார்க்க முடியாது. காசுக் கணக்கு எழுதும் ஆள், பென்சில் தரம் பற்றிப் புலம்பும் ஆள், இன்றைக்கு வரைந்தது ஏன் சரியில்லை என்று தெளிவாகச் சொல்லும் ஆள்தான் இருக்கிறார். 27 வயதில்தான் ஓவியனாவது என்று முடிவு செய்கிறார். என்னைப் போல அவரும் முதலில் கற்றுக்கொண்டது அச்சுப் படங்களில் இருந்துதான் என்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. லண்டன் பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களை ஆயிரத்துக்கு மேல் வெட்டிச் சேர்த்து வைத்திருந்தார். 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்ற படத்தை 1885இல் கல்லிலும் வரைந்து அச்சிட்டார். கல்லில் நேராக வரைந்துவிட்டதால் தாளில் இடம் வலமாகத் திரும்பி வந்தது. அதை நண்பர் வான் ரப்பார்டுக்கு அனுப்ப, இதை நீ மனமார்ந்து செய்திருக்க மாட்டாய் என்கிற தொனியில் பதில் வந்தது. நட்பே முறிந்தது. ஆனால் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் உறுதியாக நிற்கிறார்: விளக்கொளியில் கிழங்கு தின்னும் இவர்கள், தட்டில் நீட்டும் இதே கையால்தான் மண்ணைத் தோண்டினார்கள், அதைத்தான் காட்ட நினைத்தேன் என்கிறார்.

1888 அக்டோபரில் எழுதிய கடிதம் ஒன்று என் வேலையோடு நேராக வந்து மோதியது. ஆர்ல் ஊரில் தன் படுக்கையறையை வரைந்ததைச் சொல்கிறார். சுவர் வெளிர் ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலியும் புது வெண்ணெயின் மஞ்சள். போர்வை பளிச்சென்ற சிவப்பு. ஜன்னல் பச்சை. நிழல்களை எடுத்துவிட்டேன், ஜப்பானிய அச்சுப் படங்கள் மாதிரி தட்டையாக நிறம் போட்டிருக்கிறேன் என்கிறார். ஜப்பானிய மரஅச்சுப் படங்களை நூற்றுக்கணக்கில் வாங்கி வைத்திருந்தவர் அவர். இதைப் படித்துவிட்டு அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால் சுவர் நீலம். நல்ல நீலம். ஊதா எங்கேயும் இல்லை.

முதலில் அச்சகத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். வெளிர் ஊதா எங்களுக்குப் பயமான நிறம். மெஜந்தா ஒரு பொட்டு ஏறினால் ரோஸ், இறங்கினால் நீலம். ஒருமுறை ஒரு துணிக்கடைக் காலண்டரில் ஊதாப் பட்டுப் புடவை நீலமாக அடித்துப்போய், பத்தாயிரம் தாளைக் கழித்துக்கட்டினோம். நிறம் திருத்தியவன் நான்தான். ஆகவே புத்தகத்தில் யாரோ தவறவிட்டிருக்கிறார்கள் என்று வேறு வேறு பதிப்புகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலம்தான். அப்புறம்தான் தெரிந்தது, அசலிலேயே சுவர் இன்று நீலம். ஊதாவுக்காக அவர் நீலத்தோடு சேர்த்த சிவப்புச் சாயம் வெளிச்சம் தாங்காத சாயம். வருடக்கணக்கில் வெளிறிப்போய், நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது.

அன்று ராத்திரி நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்று ஆடிப்போனது. அசல் உண்மை, அச்சு பொய் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இங்கே அசலுக்கே தன் நிறம் மறந்துவிட்டது. தபாலில் போன ஒரு காகிதம்தான் அதை நினைவில் வைத்திருக்கிறது. கலையைப் பற்றி எழுதிய சொல்லுக்கு இப்படி ஒரு வேலையும் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தப் படத்தில் சுவரை மட்டும் தேர்ந்தெடுத்து, மெஜந்தாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஊதா வந்ததும் பக்கத்தில் இருந்த மஞ்சள் கட்டில் சட்டென்று முன்னால் வந்தது. ஊதாவுக்கு எதிர் நிறம் மஞ்சள். சுவரும் கட்டிலும் ஒன்றை ஒன்று தூக்கிப்பிடிக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார். நான் வைத்த ஊதா அவர் வைத்த ஊதா ஆகாது. ஆனாலும் ஒரு மணி நேரம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஒன்று. சாந்திநிகேதனில் வாழ்ந்த ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியின் 'சித்ரகர்'. வங்க மொழியில் எழுதியது, அவருடைய மாணவர் கே.ஜி. சுப்ரமணியன் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, இன்னொன்றிலும் பார்வை குறைவு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் 1946, 47இல் இந்தி பவனச் சுவரில் பக்திக் கவிஞர்களின் பெரிய ஊர்வலத்தை, முன்மாதிரிப் படத்தை நகலெடுக்காமல் ஈரச் சுண்ணாம்பில் நேரடியாக வரைந்தார். 1957இல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுக்கப் போனது. அதற்கப்புறமும் காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், 1972இல் ஓடு பதித்த சுவரோவியமும் செய்தார். இருட்டுக்குள் போன ஒரு மனிதன் நிறத்தை எப்படி நினைக்கிறான் என்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கண்ணை நம்பிப் பிழைக்கும் நான் அதை இரண்டு தடவை படித்திருக்கிறேன்.

என் கோம்ப்ரிச் இப்போது தம்பியிடம் இருக்கிறது. பொங்கல் முடிந்து மிஷின் ஓய்ந்ததும் இரண்டு பேரும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவதாகப் பேசியிருக்கிறோம். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கேதான் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, கூட இருக்கும் பையன்களாக இருக்கும்.

"அண்ணே, பால்காரப் பொண்ணு வந்துருச்சு. அந்த அரண்மனைப் படம்தான் ரூம்ல நிக்கல, முந்நூத்திப் பதினெட்டுக்குக் கூரை இடிக்குது. மொட்டை மாடில தண்ணித்தொட்டிச் சுவர் இருக்கு, அதுல போட்டுப் பாக்கட்டா?"